சைவம் சாப்பிடுறவங்களுக்கும் ஏன் ஃபேட்டி லிவர் வருது? டெல்டா சாப்பாட்டை வச்சு ஒரு விளக்கம்

"நான் கறி மீன் தொட்டதில்ல, தண்ணி அடிச்சதில்ல, பீடி சிகரெட்டும் கிடையாது, எனக்கு எப்படிடா ஈரல்ல கொழுப்பு வரும்?" போன வருசம் எங்க சித்தப்பா ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு என்கிட்ட கேட்டது இது. அவருக்கு 54 வயசு, பாபநாசம் பக்கம் விவசாயம். சாப்பிட்டா மேல்வயிறு பொருமுதேன்னு, பித்தப்பைல கல்லா இருக்குமோன்னு பயந்து தஞ்சாவூர் போய் ஸ்கேன் எடுத்தார். கல்லு இல்ல, ஆனா ரிப்போர்ட்டோட கடைசி வரில ஃபேட்டி லிவர், கிரேடு 2ன்னு போட்டிருந்தது. பார்த்த டாக்டர் கூட்டத்துல அவசரமா "எண்ணெய் பலகாரத்தைக் குறைங்க, நடங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டார். அவர் சொன்னது தப்பில்ல, ஆனா சித்தப்பா கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்ல. அந்தக் கேள்வி நம்ம பக்கம் நிறைய வீட்டுல ஓடிக்கிட்டு இருக்குறதால எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு விளக்கமா எழுதுறேன்.

மொதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கணும். ஈரல்ல இருக்குற கொழுப்பு நாம வாயில போட்ட கொழுப்பு அப்படியே போய் ஒட்டிக்கிட்டது கிடையாது. ஃபேட்டி லிவர் இருக்குறவங்க ஈரல்ல சேர்ந்த கொழுப்பு எங்கேர்ந்து வந்ததுன்னு அமெரிக்காவுல 2005ல ஒரு ஆய்வு தடம் பிடிச்சுப் பார்த்தாங்க, ரொம்ப கொஞ்சம் பேரை வச்சு செஞ்ச சின்ன ஆய்வுதான், ஆனா இன்னைக்கு வரைக்கும் எல்லாரும் எடுத்துச் சொல்றது அதைத்தான். கிட்டத்தட்ட 59 சதவீதம் உடம்புல ஏற்கனவே இருக்குற கொழுப்புலேர்ந்து, முக்கியமா தொப்பைக் கொழுப்பு மாதிரி இடங்கள்லேர்ந்து ரத்தம் வழியா வந்து சேருது. 26 சதவீதம் ஈரலே மாவுச்சத்தையும் சர்க்கரையையும் வச்சுப் புதுசா தயாரிக்குது. நாம சாப்பிட்ட எண்ணெய் நெய்யிலேர்ந்து நேரா வர்றது 15 சதவீதம்தான். நல்லா இருக்குற ஆளோட ஈரல்ல அந்த புதுத் தயாரிப்பு 5 சதவீதத்துக்கும் கம்மியாதான் இருக்கும். அப்ப நோய் வந்த ஈரல் என்ன பண்ணுதுன்னா, சோத்தையும் சீனியையும் கொழுப்பா மாத்துற வேலையைப் பல மடங்கு அதிகமா பண்ணுது.

இதுக்குப் பின்னாடி இருக்குறது இன்சுலின். நாம சோறு சாப்பிட்டதும் அது குளுக்கோஸா மாறி ரத்தத்துல ஏறும், இன்சுலின் வந்து அதை தசைக்குள்ள தள்ளும், தசை உழைச்சுச்சுன்னா அதை எரிச்சுடும். உழைப்பு குறைஞ்சு, வேளாவேளைக்கு மாவுச்சத்து மட்டும் குறையாம வந்துக்கிட்டே இருந்தா தசை ஒரு கட்டத்துல இன்சுலின் பேச்சைக் கேக்காது, உடம்பு இன்னும் அதிகமா இன்சுலினைச் சுரக்கும், அந்த அதிக இன்சுலின் ஈரலைப் பார்த்து கொழுப்பு தயார் பண்ணுன்னு விரட்டும், அதே நேரத்துல தொப்பைக் கொழுப்பும் இன்சுலினுக்கு அடங்காம கரைஞ்சு ஈரலுக்கே ஓடிவரும். ரெண்டு பக்கமும் வரத்து, நடுவுல ஈரல் மாட்டிக்குது. மேட்டூர்ல தண்ணி வந்துக்கிட்டே இருக்கு, வடிகால் அடைச்சுக்கிடக்குன்னா வயல்ல என்ன நடக்கும்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்ல.

ஈரல் செல்லுங்கள்ல 5 சதவீதத்துக்கு மேல கொழுப்பு இருந்தா அதுதான் ஃபேட்டி லிவர். நிறைய பேருக்கு அது அந்த அளவோட நின்னுடும். சில பேருக்கு அந்தக் கொழுப்பு ஈரல்ல அழற்சியை உண்டாக்கும், அழற்சி வருசக்கணக்கா நீடிச்சா தழும்பு விழும், தழும்பு முத்தினா அதுதான் சிரோசிஸ், சில பேருக்கு ஈரல் புற்றுநோய் வரைக்கும் போகும். இதுல எந்தக் கட்டத்துலயும் பெருசா வலி இருக்காதுங்குறதுதான் பயப்பட வேண்டிய விசயம், முத்திப் போனப்புறம்தான் வயித்துல நீர் கோக்குறதும் கால் வீங்குறதும் கண்ணு மஞ்சளாகுறதும். சித்தப்பாவோட வயிறு பொருமல் கூட இதனால வந்ததா வாயுவான்னு யாரும் உறுதியா சொல்லல. வேற எதுக்கோ ஸ்கேன் எடுக்கப் போய்த்தான் பெரும்பாலும் இது தெரியவருது.

தண்ணி அடிக்காதவங்களுக்கு எப்படிங்குற கேள்வியும் இருக்கு. முன்னாடி இதுக்குப் பேரே மது சாராத கொழுப்பு ஈரல் நோய்னுதான் இருந்துச்சு, எது காரணமில்லைன்னு மட்டும் சொல்ற பேரு அது. 2023ல உலகம் பூரா இருக்குற ஈரல் டாக்டர்கள் சேர்ந்து பேரை மாத்தினாங்க, இப்ப எம்ஏஎஸ்எல்டின்னு சொல்றாங்க, அதாவது உடம்போட வளர்சிதை மாற்றக் கோளாறோட சேர்ந்து வர்ற ஈரல் கொழுப்பு. தொப்பை, சுகர், பிரஷர், ரத்தத்துல ட்ரைகிளிசரைடுங்குற கொழுப்பு அதிகம், நல்ல கொலஸ்ட்ரால் கம்மி, இதுல ஏதாவது ஒண்ணு கூட இருக்கணும்ங்குறது அந்தப் பேருக்குள்ள இருக்குற நிபந்தனை. நம்ம நாட்டுல நடந்த ஆய்வுகளை எல்லாம் ஒண்ணா சேர்த்து டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் 2022ல ஒரு கணக்குப் போட்டாங்க, பெரியவங்கள்ல 38.6 சதவீதம் பேருக்கு ஃபேட்டி லிவர். மத்திய அரசு 2021லயே இதை தொற்றா நோய்த் திட்டத்துல சேர்த்துட்டாங்க. மூணு பேர்ல ஒருத்தருக்கு மேல இருக்குற நோயைக் குடிகாரங்க நோய்னு நெனச்சுக்கிட்டு வெளில சொல்லவே கூச்சப்படுறவங்களை நானே பார்த்திருக்கேன், அதுதான் மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு.

சித்தப்பா ஒண்ணும் குண்டு கிடையாது. 165 சென்டிமீட்டர் உயரம், 68 கிலோ, உயரத்துக்கு எடை சரியான்னு பாக்குற பிஎம்ஐ கணக்குப் போட்டா 25. வெள்ளைக்காரங்க கணக்குல இது எல்லைல நிக்குற ஆளு, ஆனா நம்ம மாதிரி ஆசியக்காரங்களுக்கு 23 தாண்டினாலே கவனிக்கணும்னு வச்சிருக்காங்க, ஏன்னா நமக்குக் கை கால் மெலிஞ்சிருந்தாலும் கொழுப்பு வயித்துல போய் உக்காந்துக்கும். இடுப்புச் சுத்தளவு ஆம்பளைக்கு 90, பொம்பளைக்கு 80 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும். அவருக்கு 96. வேட்டி கட்டுற ஆளுக்கு பேன்ட் சைஸ் ஏறுறது தெரியாது, டேப்பை வச்சு அளந்தப்பதான் அவரே பார்த்தார்.

சரி, அப்படி என்னதான் சாப்பிடுறார்? ஒரு நாள் சித்தி சமைக்கும்போது கூடவே இருந்து தராசுல நிறுத்துப் பார்த்தோம். காலைல 5 இட்லி, மத்தியானம் சாம்பாருக்கு ஒரு தடவை ரசத்துக்கு ஒரு தடவை மோருக்கு ஒரு தடவைன்னு மூணு சுத்து சோறு, ராத்திரி 3 தோசை. எல்லாத்தையும் அரிசிக் கணக்கா மாத்தினா நாளைக்கு 400 கிராம் பக்கம் வருது. பருப்பு உளுந்து எல்லாம் சேர்த்தா 60 கிராமைத் தாண்டல. காய் 100 கிராம் இருந்தா அதிகம், அதுலயும் பாதி நாளு உருளைக்கிழங்கு. மூணு காபி, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சீனி, அதுவே 30 கிராம். சாயந்தரம் கடைத்தெருப் பக்கம் போனா ரெண்டு பஜ்ஜி, வீட்டுல இருந்தா மிக்சர். இதுல ஒரு துளி கூட அசைவம் இல்ல. பால் தயிரைத் தவிர மத்த எல்லாமே செடியிலேர்ந்து வந்ததுதான்.

ஹைதராபாத்துல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாசம் வெளியிட்ட வழிகாட்டுதல்ல நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுற ஒரு ஆளுக்குத் தட்டு எப்படி இருக்கணும்னு போட்டிருக்காங்க. தானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், பருப்பு பயறு 85 கிராம், காய் கீரை 400 கிராம், பழம் 100 கிராம், பால் தயிர் 300 மில்லி, கடலை எள்ளு மாதிரி விதைகள் 35 கிராம், எண்ணெய் 27 கிராம், சீனி 25 கிராமுக்குள்ள. இதையும் சித்தப்பா தட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா அவர் கேள்விக்குப் பதில் அதுலயே இருக்கு. சைவம்ங்குறது தட்டுல என்ன இல்லைன்னு மட்டும்தான் சொல்லுது, என்ன இருக்கு எவ்வளவு இருக்குன்னு அது சொல்றதே இல்ல. ஈரலுக்கு அந்த ரெண்டாவது கணக்குதான் முக்கியம்.

இதை நான் சும்மா என் யோசனைல சொல்லல. தாவர உணவு ஆராய்ச்சி பண்றவங்க 2016 வாக்குல ஹார்வர்டுல ஒரு மார்க் முறையைக் கொண்டு வந்தாங்க. சைவமா அசைவமான்னு மட்டும் பாக்காம தாவர உணவையே ரெண்டாப் பிரிச்சாங்க. முழுத் தானியம், காய், பழம், பயறு, கொட்டை, காபி டீ ஒரு பக்கம். தீட்டின அரிசி, மைதா, உருளைக்கிழங்கு, ஜூஸ், குளிர்பானம், இனிப்பு இன்னொரு பக்கம். அதுக்கப்புறம் அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் ஆயிரக்கணக்கான பேரோட சாப்பாட்டை இந்த மார்க்கை வச்சு எடைபோட்டப்ப முதல் வகை அதிகமா சாப்பிட்டவங்களுக்கு ஃபேட்டி லிவர் கம்மியா இருந்துச்சு, ரெண்டாவது வகை அதிகமா சாப்பிட்டவங்களுக்கு அதிகமா இருந்துச்சு. ரெண்டு பேருமே செடியிலேர்ந்து வந்ததைத்தான் அதிகம் சாப்பிட்டாங்க. இதெல்லாம் சும்மா இருந்து கவனிச்சுப் பார்த்த ஆய்வுகள், இதனாலதான் அது வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, நல்ல சாப்பாடு சாப்பிடுறவங்க நடக்கவும் செய்வாங்க, வசதியும் இருக்கும். ஆனா திரும்பத் திரும்ப ஒரே திசையைக் காட்டுது.

நமக்கு இன்னும் நெருக்கமா தைவான்ல புத்த மத அமைப்பைச் சேர்ந்த தொண்டர்கள்கிட்ட பண்ணின ஆய்வு 2018ல வந்துச்சு. அவங்களும் அரிசி சாப்பிடுறவங்க, பல பேர் நம்மள மாதிரி மதம் சார்ந்து சைவமா இருக்குறவங்க, மத்தவங்க கறி மீன் சாப்பிடுறவங்க, தண்ணி சிகரெட் யாருக்கும் கிடையாது. அங்க சைவக்காரங்களுக்கு ஃபேட்டி லிவர் கம்மியா இருந்துச்சு, ஆனா உடல் எடையைக் கணக்குல எடுத்ததும் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைஞ்சுடுச்சு, அதாவது சைவத்தோட நன்மைல பெரும் பங்கு எடை கம்மியா இருந்ததால வந்தது. அவங்க தட்டுல சோயா இருந்துச்சு, அதை எடுத்துட்டு அந்த இடத்துல கறியோ மீனோ வச்சாலும் ஆபத்து ஏறுச்சு, முழுத் தானியத்தை எடுத்துட்டு தீட்டினதை வச்சாலும் ஏறுச்சு. அங்க புரதம் கொண்டு வந்தது சோயா. நம்ம சைவத்துல அந்த இடத்துல என்ன இருக்கு? இன்னொரு கரண்டி சோறு.

உண்மையிலேயே மனுசங்களைப் பிரிச்சு விட்டு சோதிச்சது இஸ்ரேல்ல. 294 பேர், 18 மாசம், மூணு குழு. எல்லாரையும் உடற்பயிற்சி பண்ணச் சொல்லி, ஒரு குழுவுக்குப் பொதுவான நல்ல சாப்பாட்டு ஆலோசனை, இன்னொண்ணுக்கு மத்தியதரைக் கடல் பக்கத்துச் சாப்பாடு, மூணாவது குழுவுக்கு அதே சாப்பாட்டுல சிவப்புக் கறியை நல்லா குறைச்சுட்டு கீரை வகையும் கிரீன் டீயும் கூட்டிக் கொடுத்தாங்க. ஆரம்பத்துல 62 சதவீதம் பேருக்கு ஃபேட்டி லிவர் இருந்துச்சு. முடிவுல முதல் குழுவுல 54.8, ரெண்டாவதுல 47.9, பச்சை அதிகமா சாப்பிட்ட மூணாவதுல 31.5 சதவீதம். 2021ல வந்த முடிவு இது. அவங்க குடுத்த கீரைங்குறது குளத்துல மிதக்குற ஒருவகை சின்ன நீர்ச்செடி, அதைத் தேடிக்கிட்டு நாம போக வேண்டாம். எங்க கொல்லைல முருங்கை நிக்குது, வாய்க்கா ஓரத்துல பொன்னாங்கண்ணி கிடக்குது.

இங்க இன்னொரு விசயத்தைச் சொல்லியே ஆகணும், அது எண்ணெய். சாப்பாட்டுக் கொழுப்பு நேரா போறது கம்மின்னு மேல சொன்னேன், அதுக்காக எண்ணெய் எப்படி வேணா இருக்கலாம்னு இல்ல. சுவீடன்ல 39 பேருக்கு 7 வாரம் தினமும் வழக்கமான சாப்பாட்டோட மஃபின் கேக் கூடுதலா கொடுத்து எடை ஏத்தினாங்க. பாதிப் பேருக்குப் பாமாயில்ல செஞ்ச கேக், மீதிப் பேருக்கு சூரியகாந்தி எண்ணெய்ல செஞ்சது. ரெண்டு பக்கமும் ஒரே அளவு எடை ஏறுச்சு, ஆனா பாமாயில் சாப்பிட்டவங்க ஈரல்ல கொழுப்பு ரொம்ப அதிகமா சேர்ந்துச்சு. பாமாயிலும் மரத்துலேர்ந்து வர்றதுதான், அதுல பாதி நிறைவுற்ற கொழுப்பு. நம்ம ரேஷன்ல மாசம் ஒரு லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்குது, அதை வச்சு வாழுற வீட்டைப் பார்த்து அதை வாங்காதீங்கன்னு சொல்ல எனக்கு மனசு வராது, கடலை எண்ணெய் விக்குற விலைக்கு அது நியாயமும் இல்ல. நான் சொல்றது அளவு. நாளைக்கு 27 கிராம்னா நாலு பேர் வீட்டுக்கு மாசத்துக்கு மூணே கால் கிலோ எண்ணெய், சுமார் மூணரை லிட்டர். அதுல ரேஷன் லிட்டர் ஒண்ணு போக மீதியை கடலெண்ணெய் நல்லெண்ணெய்ல பார்த்துக்கிட்டு, பொரிக்குறதைக் குறைச்சு, பொரிச்ச எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய வைக்காம இருந்தாலே போதும்.

நம்ம பக்கத்துல ஒரு வருத்தம் எனக்கு ரொம்ப நாளா உண்டு. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாளு முன்னாடி, நெல்லு நிக்கும்போதே ஈரத்துல உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பாங்க, அறுத்தப்புறம் பனியிலயும் மீதி ஈரத்துலயுமே அது வளர்ந்து பங்குனில காயாயிடும், தண்ணி பாய்ச்சுற வேலையே இல்ல, அதுக்குன்னே ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்துல ஏடிடி 3 மாதிரி உளுந்து ரகம் விட்டிருக்காங்க. மிசின் அறுப்பு வந்தப்புறம் சக்கரம் ஏறி முளைச்ச பயறு நசுங்குதுன்னு நிறைய பேர் விட்டுட்டாங்க, தெளிக்குறவங்களும் மூட்டை பிடிச்சு அப்படியே கமிட்டிக்கோ (ஒழுங்குமுறை விற்பனைக் கூடம்) வியாபாரிக்கோ போட்டுட்டு வீட்டுக்கு ரெண்டு படி எடுத்து வைக்குறாங்க. ஈரலுக்கு எது வேணுமோ அது நம்ம வயல்லயே வெளஞ்சு நம்ம வாசலைத் தாண்டி லாரியில போகுது. நாளைக்கு 85 கிராம்ங்குற கணக்குல நாலு பேருக்கு மாசத்துக்கு 10 கிலோ பருப்பு பயறு வேணும். ரேஷன்ல குடுக்குறது ஒரு கிலோ துவரம்பருப்பு. மீதி 9 கிலோவைக் கடையில வாங்கணும்னா கூலி வேலைக்குப் போற குடும்பத்துக்கு அது பெரிய சுமை, வெளைய வைக்குற வீட்டுக்கு அது கையில இருக்குற சரக்கு.

உளுந்து பயறுல என்ன அப்படி இருக்குன்னா 100 கிராம்ல 23, 24 கிராம் புரதம், தீட்டின அரிசில 8 கிராம் பக்கம்தான். தோலோட எடுத்தா நார்ச்சத்து அரிசியை விடப் பல மடங்கு. அது மெதுவா செரிக்கும், சுகர் குபுக்குன்னு ஏறாது, ஈரலுக்கு அவசரமா கொழுப்பு பண்ற வேலை கம்மி, வயிறும் நெறஞ்சு நிக்கும். சென்னை மோகன் டாக்டரோட ஆராய்ச்சி நிறுவனம் ஐசிஎம்ஆரோட, அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட சேர்ந்து நாடு பூரா நடத்தின ஆய்வோட உணவுப் பகுதி 2025ல வந்துச்சு. நம்ம நாட்டுக்காரங்க கலோரியில 62 சதவீதம் மாவுச்சத்துலேர்ந்தே வருதாம். அதுல வெறும் 5 சதவீதக் கலோரியை மாவுச்சத்துலேர்ந்து எடுத்து பருப்பு, பால், முட்டை, மீன் புரதத்துக்கு மாத்துறவங்களுக்கு சுகர் வர்ற வாய்ப்பு கம்மின்னு அவங்க கணக்கு சொல்லுது. அதே ஆய்வு இன்னொண்ணும் சொல்லுச்சு, அரிசியை விட்டுட்டு கோதுமை மாவுக்கோ கேழ்வரகு கம்பு மாவுக்கோ மாறினா மட்டும் பலன் தெரியல, மொத்த மாவுச்சத்து குறையணும். ராத்திரி மூணு தோசைக்குப் பதிலா நாலு சப்பாத்தி சாப்பிட்டுட்டு டயட்ல இருக்கேன்னு சொல்றவங்க இதைக் கவனிக்கணும். அந்த ஆய்வு சுகரைப் பத்தினது, ஈரலைப் பத்தினது இல்ல, ஆனா ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான்னு மேல பார்த்தோம்.

பாரம்பரிய அரிசி பத்திக் கேக்காதவங்க இல்ல. மாப்பிள்ளை சம்பா, கருங்குறுவை, காட்டுயானம் இதையெல்லாம் நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல உக்காந்து 170க்கு மேற்பட்ட ரகங்களைத் தேடி மீட்டுக் கொடுத்துட்டு 2018ல போய்ச் சேர்ந்தார், அவர் நடத்தின நெல் திருவிழாவால இன்னைக்கு விதை கிடைக்குது, அந்த மனுசனுக்கு நாம கடன்பட்டிருக்கோம். அந்த அரிசில தவிடு இருக்கு, நார் இருக்கு, தீட்டாம சாப்பிட்டா நிச்சயம் வெள்ளை அரிசியை விட நல்லது. ஆனா கடையில மாப்பிள்ளை சம்பான்னு பேரைப் போட்டு நல்லா தீட்டி வெளுப்பா விக்குறதை வாங்கினா பேரு மட்டும்தான் மிச்சம். சிவப்பா இருந்தாலும் மூணு சுத்து போட்டா அது மூணு சுத்துதான். புழுங்கலரிசி பச்சரிசியை விடக் கொஞ்சம் மெதுவா சுகர் ஏத்தும், பழைய சோத்துல கொஞ்சம் மாவுச்சத்து செரிக்காத வகையா மாறும், ரெண்டும் நல்லதுதான், ஆனா அளவைக் குறைக்குறதுக்கு ஈடா அதை நெனச்சுக்கக் கூடாது.

எங்க தாத்தா இதே சோத்தை இதை விட அதிகமா சாப்பிட்டு 80 வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாரேன்னு சித்தப்பாவே சொன்னார். வாஸ்தவம்தான். தாத்தா ஏர் ஓட்டினார், அண்டை வெட்டினார், கட்டு சுமந்தார், பாபநாசத்துக்கு நடந்தே போய் வந்தார். இன்னைக்கு உழவு டிராக்டர், நடவு மிசின், அறுப்பு மிசின், வயலுக்குப் போறது பைக். உடம்பு நோகாம வேலை நடக்குறது நல்ல விசயம், பொம்பளைங்க முதுகு உடைஞ்ச நடவு வேலையிலேர்ந்து தப்பிச்சிருக்காங்க, அதை யாரும் திரும்பக் கேக்கல. வேலை குறைஞ்ச அளவுக்குத் தட்டு மட்டும் குறையல, அவ்வளவுதான்.

இனிப்பு பத்தி நிறைய சொல்ல வேண்டாம்னு பார்த்தா நம்ம ஊரு விடாது. திருவையாறு அசோகா பாசிப்பருப்புல செஞ்சதுதான், ஆனா அதுல பருப்பை விட சீனியும் நெய்யும்தான் அதிகம். சீனில பாதி ஃப்ரக்டோஸ், அது பெரும்பாலும் ஈரலுக்கே போய் அங்கேயே கொழுப்பா மாறக்கூடியது, அதனால சோத்தை விட இது ஈரலுக்கு நேரடி அடி. நாட்டுச்சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாத்துக்கும் இதே கணக்குதான், கலர் மாறினா வேதியியல் மாறாது. பழத்தை முழுசா கடிச்சுத் தின்னா நாரோட மெதுவா போகும், ஜூஸ் போட்டா அந்தத் தடுப்பு போயிடும். காபியை மட்டும் நான் விடச் சொல்ல மாட்டேன். நாளைக்கு ரெண்டு மூணு காபி குடிக்குறவங்களுக்கு ஈரல்ல தழும்பு கம்மியா இருக்குன்னு பல நாட்டு ஆய்வுகள் ஒத்துச் சொல்லுது. கும்பகோணம் டிகிரி காபி ஈரலுக்குத் துணைதான், அதுல போடுற ரெண்டு ஸ்பூனைத்தான் குறைக்கணும். ஒரே நாள்ல வேண்டாம், ரெண்டு ஒண்ணரை ஆகி ஒண்ணு ஆகி அரை ஆகட்டும், நாக்கு பழகிடும்.

மீன் சாப்பிடுறவங்க சைவத்துக்கு மாறணுமான்னா தேவையில்ல. நாகப்பட்டினம் பூம்புகார் பக்கத்துல இருக்குறவங்களுக்குக் குழம்பு வச்ச மீன் நல்ல புரதம், வறுவலா போட்டு எண்ணெய்ல முக்குனாதான் சிக்கல். ஆட்டுக்கறி அடிக்கடி, பாக்கெட்ல வர்ற பதப்படுத்தின கறி, இதைக் குறைக்கலாம். பால் கூட வேண்டாம்னு முழுசா வீகனா போறவங்க பி12 மாத்திரை இல்லாம இருக்கவே கூடாது, அது செடியிலேர்ந்து கிடைக்காது. கோலின்னு ஒரு சத்து இருக்கு, அது ரொம்பக் குறைஞ்சாலே ஈரல்ல கொழுப்பு சேரும், முட்டையில நிறைய இருக்கு, முட்டை சாப்பிடாதவங்க சோயா, பயறு, கடலை, பால் இதெல்லாம் தட்டுல இருக்கான்னு பார்த்துக்கணும்.

ஈரலுக்கு ஒரு நல்ல குணம், விட்டுக் கொடுத்தா திரும்பி வரும். எடையில 5 சதவீதம் குறைஞ்சாலே கொழுப்பு குறைய ஆரம்பிக்கும், 7லேர்ந்து 10 சதவீதம் குறைஞ்சா அழற்சி அடங்கும், 10க்கு மேல குறைச்சவங்கள்ல நிறைய பேருக்குத் தழும்பே கொஞ்சம் ஆறியிருக்கு. ஒல்லியா இருந்து இது வந்தவங்களுக்கு 3லேர்ந்து 5 சதவீதமே போதும்னு சொல்றாங்க. பட்டினி கிடந்து ஒரே மாசத்துல 10 கிலோ குறைக்குறது ஈரலுக்கே கெடுதல், பித்தப்பை கல்லும் வரும், வாரத்துக்கு அரை கிலோ மேனிக்கு இறங்கினாப் போதும்.

ஸ்கேன்ல கிரேடு 1, 2, 3ன்னு போடுறது எவ்வளவு கொழுப்புன்னு சொல்றது, எவ்வளவு தழும்புன்னு அது சொல்லாது. கிரேடு 3 இருந்து தழும்பு இல்லாதவங்களும் உண்டு, கிரேடு 1லயே தழும்பு விழுந்தவங்களும் உண்டு. ஈரல் பாதிப்பைப் பாக்குற ரத்த டெஸ்ட்டான எஸ்ஜிபிடி நார்மல்னு வந்தாலும் நிம்மதியா விட்டுட முடியாது. வயசு, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் இந்த நாலையும் வச்சு ஃபிப்-4ன்னு ஒரு கணக்கு இருக்கு, சாதாரண ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்டை வச்சே போட்டுடலாம், 1.3க்குக் கீழ வந்தா தழும்பு இருக்குற வாய்ப்பு ரொம்பக் கம்மி, 65 வயசுக்கு மேல 2.0 வரைக்கும் விடலாம். அதுக்கு மேல போனா ஃபைப்ரோஸ்கேன் எடுக்கணும், ஊசி கத்தி எதுவும் இல்லாம ஈரலோட விறைப்பை அளக்குறது அது. "ஃபிப்-4 எவ்வளவு டாக்டர்?"ன்னு தைரியமா கேளுங்க. சுகர் இருக்குறவங்க கட்டாயம் கேக்கணும். சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்குறவங்க டாக்டர்கிட்ட சொல்லாம சோத்தைப் பாதியாக் குறைக்கக் கூடாது, மருந்து அப்படியே இருந்து சாப்பாடு குறைஞ்சா லோ சுகர் வந்து மயங்கிடுவாங்க. கிட்னி பாதிப்பு இருக்குறவங்களும் பருப்பைக் கூட்டுறதுக்கு முன்னாடி கேட்டுக்கணும்.

கீழாநெல்லியை அரைச்சுக் குடிச்சா கரைஞ்சுடும்னு வீட்டுக்கு வர்ற ஒவ்வொருத்தரும் சித்தப்பாகிட்ட சொன்னாங்க. மஞ்சள் காமாலைக்கு நம்ம ஆளுங்க காலங்காலமா குடுத்து வந்தது அது, ஆனா ஈரல் கொழுப்பை அது கரைக்கும்னு நம்புற மாதிரி ஆதாரம் இல்ல. அதை விட பயம் பேரு தெரியாத லிவர் டீடாக்ஸ் பொடிங்க. கொரோனா சமயத்துல சீந்தில் சாப்பிட்டு ஈரல் கெட்டுப்போனவங்களைப் பத்தி நம்ம நாட்டு டாக்டர்களே பதிவு பண்ணியிருக்காங்க. செடிங்குறதாலயே அது ஈரலுக்குப் பாதுகாப்புன்னு ஆகிடாது.

சித்தி என்ன பண்ணாங்கன்னு சொல்லிடுறேன், ஏன்னா மாத்தினது பூரா அவங்க கை. இட்லி மாவுக்கு நாலுக்கு ஒண்ணுன்னு போட்டுக்கிட்டு இருந்த உளுந்தை தோலோட ரெண்டுக்கு ஒண்ணா மாத்தினாங்க, இட்லி கொஞ்சம் கறுத்துச்சு, முதல் வாரம் முகம் சுளிச்சவங்க அப்புறம் பழகிட்டாங்க. ராத்திரி தோசை வாரத்துல நாலு நாளு முளைகட்டின பச்சைப்பயறு அரைச்சுச் சுட்டது. மத்தியானம் மூணு சுத்து ஒண்ணாச்சு, தட்டுல முதல்ல வைக்குறது கூட்டும் கீரையும், அதை முடிச்சுட்டுத்தான் சோறு. கொள்ளிடம் படுகையிலேர்ந்து வர்ற கத்திரியும் வெண்டையும், கொல்லை வாழைல தண்டும் பூவும், பாசிப்பருப்பு போட்ட பொரிச்ச கூட்டுன்னு எதுவுமே புதுசா கத்துக்கிட்ட சமையல் இல்ல, முன்னாடி ஒரு ஓரமா தொட்டுக்க இருந்தது இப்ப நடுவுக்கு வந்துச்சு. சாயந்தரம் சுண்டல். காபில அரை ஸ்பூன். சித்தப்பா காலைல பைக்கை விட்டுட்டு வயலுக்கு நடந்து போறார், போக வர முக்கால் மணி நேரம். 7 மாசத்துல 68 கிலோ 64 ஆச்சு, இடுப்பு 96லேர்ந்து 91, ஃபிப்-4 ஆரம்பத்துலயே 1.1தான் இருந்துச்சு, அடுத்த ஸ்கேன்ல கிரேடு 1. ஒரு ஆளோட கதையை வச்சு எல்லாருக்கும் இதே நடக்கும்னு நான் சொல்லல. சித்திக்கும் ரத்த டெஸ்ட் எடுத்தோம், அவங்களுக்கும் சுகர் எல்லைல இருந்துச்சு, இத்தனை வருசம் யாரும் அவங்களை டெஸ்ட்டுக்குக் கூட்டிப் போகல.

இந்தத் தடவை சித்தப்பா தாளடி நெல்லுல கால் ஏக்கரை மட்டும் மிசின் விடாம கையறுப்புக்குன்னு வச்சு உளுந்தும் பயறும் தெளிச்சிருக்கார். அது விக்க இல்ல, வீட்டுக்குன்னு சொல்லிட்டார்.